வலிக்காத எலும்பு

சென்ற வாரம் நம் வார்டுப் பக்கம் வந்திருந்தேன். ஓய்வு பெற்ற டாக்டர்களுக்கு அடிக்கடி இப்படிக் கால் அரிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவர், பெயரைச் சொல்லி மாட்டிவிட மாட்டேன், தம்பிக்காக ஸ்டெம் செல் கொடுக்க வந்திருந்த ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். ஊசி போட்டுக்கொள்கிறீர்களே, எலும்பில் வலி உண்டா என்று கேட்டார். துளிகூட இல்லை என்றார் அண்ணன். ரொம்ப நல்லது என்று தோளில் தட்டிவிட்டு நம் இளம் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு அந்த அண்ணனின் வெள்ளணுக் கணக்கைக் காட்டச் சொன்னேன். நன்றாகவே ஏறியிருந்தது. சில பேருக்கு வலி தெரியாது, அவர் அந்த ரகம். நிம்மதியாக மந்தைவெளிக்குத் திரும்பிவந்து, காபி குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஊசி என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் பரீட்சையில் எழுதுவதற்கும் கண்முன் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்கள், அதாவது ஸ்டெம் செல்கள், எலும்பு மஜ்ஜைக்குள் அடங்கிக் கிடப்பவை. தாமாக அதிகம் வெளியே வருவதில்லை. உடம்பு ஒரு சமிக்ஞைப் புரதத்தை அனுப்பினால்தான் மஜ்ஜை விழித்துக்கொள்ளும், வெள்ளணுக்களைப் பெருக்கும், கூடவே மூலச் செல்களின் கட்டு தளர்ந்து அவை ரத்தத்தில் இறங்கி ஓடும். அந்தப் புரதத்தைத்தான் நாம் ஊசியில் ஏற்றுகிறோம். கட்டு எப்படித் தளர்கிறது என்பதை நீங்கள் இன்று அம்புக்குறி போட்டுப் படம் வரைகிறீர்கள். எங்கள் காலத்தில், போட்டால் வருகிறது என்பதற்கு மேல் எங்களுக்கு அதிகம் தெரியாது. மஜ்ஜைக்குள் கூட்டம் பெருகும்போது எலும்பு உள்ளிருந்து வலிக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில் நடந்தது இது. நம் பிரிவு அப்போது இந்தப் பளபளக் கட்டடத்துக்கு வரவில்லை. நந்தனத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், கண்ணாடி போட்ட இரண்டே அறைகளோடு இருந்தது. தலைமை டாக்டர் மயிலாப்பூர்க்காரர், பூர்வீகமாகக் கோயில் மாடவீதி. கோபம் வந்தால் இங்கிலீஷ் பேசுவார், பயம் வந்தால் ஆத்துப் பாஷைக்குப் போய்விடுவார். நான் அவருக்கு அடுத்தபடி. எனக்குக் கோபம் வந்தால் பாஷையெல்லாம் கிடையாது, கதவைச் சாத்தும் சத்தம்தான்.

கண்ணாடி அறையில் இருந்தவள் செல்வி. ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை எடுத்துப் போடுகிற பெண். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். நல்ல வாய்த்துடுக்கு. தலைமுடி கொட்டியதும் எங்களிடம், இனி பேன் தொல்லை இல்லை என்றாள். ரத்தப் புற்றுநோய், இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. மாற்று மஜ்ஜை ஒன்றுதான் வழி. நல்லவேளையாக அண்ணன் ஏழுமலைக்கு எல்லாப் பொருத்தமும் அமைந்தது. நொச்சிக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவர். செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

சாதாரணமாக அப்போதெல்லாம் கொடையாளருக்கு மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி எடுப்போம். ஏழுமலைக்கு மோசமான இழுப்பு உண்டு. மயக்க மருந்து டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் என்னிடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் ஊசி போட்டு, மூலச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுப்பது என்று முடிவானது. எங்களுக்கு அது புதுசு. செல்விக்கு இங்கே கடும் மருந்து ஏற்றி அவளுடைய மஜ்ஜையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே அண்ணனுக்கு ஊசி ஆரம்பிக்க வேண்டும். இவள் காலியாகும்போது அவர் நிரம்பியிருக்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்துப் பொங்கல் வந்தது. புற நோயாளிப் பிரிவு மூடியிருந்தது, ஆரோக்கியமான ஆளுக்குக் கொடுக்கக் கட்டில் இல்லை. எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஸ்டெல்லா சாந்தோமில் இருந்தாள். லீவு நாளானாலும் காலையில் நடந்து போய் ஏழுமலைக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். மருந்துக் குப்பிகளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஸ்டெல்லா வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேரில் இருந்தது. அப்போது ஏழுமலையின் அம்மா கன்னியம்மா முன்னால் வந்தார். சாலையோரம் மீன் விற்பவர். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

“ஐஸுக்கு எங்க குப்பத்துல பஞ்சமா டாக்டரம்மா? எங்கைல குடு. கண்ணு மாரி பாத்துக்கறேன்.”

நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். வெயில் படக்கூடாது, சூடு ஏறக்கூடாது, எப்போதும் ஐஸிலேயே இருக்க வேண்டும். ஸ்டெல்லாவும் முதல் நாள் போய் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, நம் ஃப்ரிட்ஜைவிட அங்கே ஜில்லென்று இருக்கிறது என்று திருப்தியாகச் சொன்னாள்.

காணும் பொங்கலன்று காலையில் ஏழுமலை ரத்தப் பரிசோதனைக்கு வந்தார். ஊசி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வெள்ளணுக்கள் நாலைந்து மடங்காகப் பெருகியிருக்க வேண்டிய நேரம். லேப்பிலிருந்து வந்த கணக்கைப் பார்த்தேன். ஊசியே போடாத ஆளின் கணக்கு அது. தப்பாக எண்ணியிருப்பார்கள் என்று மறுபடி எண்ணச் சொன்னேன். அதேதான் வந்தது.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஏழுமலையிடம் போய், இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“வலியா? இன்னா டாக்டரம்மா, நேத்து கூட வலை இழுத்துக்கினு இருந்தேன். இந்த ஊசிலாம் நம்மள இன்னா பண்ணும்?”

அந்த வாரம் முழுவதும் ஏழுமலைக்கு வலியே இல்லை, கடலுக்குப் போகிற உடம்பு அப்படி என்று வார்டே பாராட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உள்ளே செல்வியின் மஜ்ஜை துடைத்தாகிவிட்டது. அவளுக்குச் சொந்தமாக இனி ஒரு அணுவும் ஊறாது. அண்ணனிடமிருந்து செல்கள் வந்து சேராவிட்டால், ஏதாவது ஒரு சின்னக் கிருமி போதும், அவள் போய்விடுவாள். திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

தலைமை டாக்டர் வீட்டிலிருந்து ஓடி வந்தார். மருந்து போலியாக இருக்கும் என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். அதே பெட்டியில் வந்த மருந்தை எங்கள் வார்டில் இன்னொருவருக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தோம். தென்னங்குருத்து மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. தலைமை டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“நம்மகிட்ட வேலை செய்யற மருந்து அவன் உடம்புல மட்டும் ஏன் செய்யலை? அவன் எலும்பையன்னா சந்தேகப்படணும்?” என்றார்.

மருந்து நல்லதென்றால் மஜ்ஜைதான் கெட்டது. தங்கைக்கு வந்த நோயின் ஆரம்பம் அண்ணனுக்கும் இருந்தால்? அந்த மஜ்ஜையை எடுத்து அவளுக்குக் கொடுத்து என்ன பயன்? அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. பழைய பரிசோதனைகளில் ஏழுமலையின் ரத்தம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. உடம்பில் மாற்றம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒரே பெட்டியில் வந்த மருந்தில் பாதி எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தது, பாதி குப்பத்துக்குப் போனது. அதை நான் சொன்னதும் ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு துளி வெயில்கூடப் பட்டிருக்காது டாக்டர், நான் பார்த்தேன், அந்த அம்மா அதைச் சாமி மாதிரி வைத்திருக்கிறார் என்றாள். அவளை நம்பினேன். ஆனாலும் நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் நான் வராவிட்டால் ஏழுமலையின் இடுப்பெலும்பில் மஜ்ஜைப் பரிசோதனை செய்வது என்று பேசிக்கொண்டோம்.

காணும் பொங்கலன்று கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. ஊரே மணலில் இறங்கியிருந்தது. கரும்பும் பலூனும் குழந்தைகளுமாக வழி விடவே இல்லை. ஸ்கூட்டரைச் சாந்தோமிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். கன்னியம்மா கடை நல்ல வியாபாரத்தில் இருந்தது. மகளை உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது, வீட்டில் சும்மா உட்காரவும் முடியாது என்று வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு எழுந்தார். செல்விக்கு ஒன்றுமில்லை, மருந்துப் பெட்டியைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

சந்தோஷமாக அழைத்துக்கொண்டு போனார். வீட்டுக்குள் நிழலான மூலையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. மீன் வாசனையே இல்லை, புதுப் பெட்டி, மேலே துவைத்த துணி. திறந்தார். பொடித்த ஐஸ் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றிப் பெட்டியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது. ஐஸை விரலால் தொட்டேன், சுட்டது போல இழுத்துக்கொண்டேன். வெறும் ஐஸ் இப்படிக் கடிக்காது.

“இதுல என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“கல்லுப்பு. வெறும் ஐஸு மத்தியானம் தண்ணியா பூடும் டாக்டரம்மா. உப்பு போட்டா கல்லு மாரி நிக்கும். வெளியூர் போற மீனுக்குதான் போடுவோம். இது எம்பொண்ணு உசுராச்சே, ரெண்டு கை சேத்தே போட்டேன்.”

உள்ளே கைவிட்டு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். அதற்குள் மிச்சமிருந்த குப்பி. நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

உப்புப் போட்ட ஐஸ் சாதாரண ஐஸைவிட எவ்வளவோ குளிர்ந்தது. அதற்குள் மருந்து உறைந்திருக்கிறது. ஐஸ் கரையக் கரையப் புது ஐஸும் உப்பும் போட்டதில், உருகி உருகி மறுபடி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் புரதம் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருந்தால்தான் மஜ்ஜைச் செல் அதைச் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளும். வடிவம் போனால் திரிந்த பால்தான், என்ன செய்தாலும் திரும்பாது. அப்படியானால் ஸ்டெல்லா ஏன் பார்க்கவில்லை? அதையும் கன்னியம்மாவே சொன்னார். சில்லென்று குத்தினால் பிள்ளைக்கு நோகும் என்று, ஸ்டெல்லா வருவதற்கு முன்பே குப்பியை எடுத்துக் கைக்குள் பொத்தி வைத்துக் குளிர் விட்ட பிறகுதான் கொடுப்பாராம். ஸ்டெல்லா பார்த்ததெல்லாம் தெளிந்த தண்ணீர் மாதிரியான மருந்தைத்தான்.

சென்னையில் பிறந்து வளர்ந்த எங்கள் யாருக்கும் குளிர் ஒரு ஆபத்து என்று தோன்றவே இல்லை. வெயிலைப் பற்றி மூச்சுவிடாமல் எச்சரித்தோம். உறையக்கூடாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த உறைந்த குப்பியைப் பார்த்ததும் எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஏழுமலையின் எலும்பில் கோளாறு இல்லை. கூப்பிட்ட குரலே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமெல்லாம் இறங்கிவிட்டது.

“நா எதுனா தப்பு பண்ட்டேனா டாக்டரம்மா?”

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். அன்றைக்கு என்னிடம் ஒரு சுலபமான பொய் தயாராக இருந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை, பெட்டியை எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகும்? வார்டில் யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்வார்கள். அதற்குள் செல்விக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்தத் தாய் அதைத் தனியாக, எங்கேயோ ஒரு மூலையில் நின்று கேட்க வேண்டியிருக்கும். மகள் உயிரோடு இருக்கும்போது, நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் கேட்பதுதான் நல்லது என்று பட்டது.

மருந்து உறைந்துவிட்டது, உறைந்தால் வேலை செய்யாது என்றேன். ஐஸில் வை என்று சொன்னது நாங்கள், நீங்கள் எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகக் கேட்டீர்கள் என்றேன். உங்கள் மகன் எலும்பு நன்றாக இருக்கிறது, இன்றைக்கே புது மருந்து போடுகிறோம், செல்விக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் அழவில்லை. பெட்டியை மூடினார். பிறகு வெளியே போய்ப் பக்கத்துக் கடைக்காரியிடம் மீனை ஒப்படைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு என்னோடு நடந்தார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நந்தனம் வரும்வரை என் தோளை விடவே இல்லை.

அன்று மாலையே எப்படியோ ஒரு கட்டிலைக் காலி செய்து ஏழுமலையை வார்டில் படுக்க வைத்து, எங்கள் ஃப்ரிட்ஜ் மருந்தைப் போட்டோம். செல்விக்கு அன்றைக்கே காய்ச்சல் ஆரம்பித்தது. கிருமிக்கான மருந்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். என்னுடைய ஊகம் தப்பாக இருந்தால், அவளுக்கு இருந்த கொஞ்ச அவகாசத்தையும் நான் வீணடித்திருப்பேன். கணக்கு வருவதற்கு முன்பே தலைமை டாக்டர் பத்துத் தடவை லேப்புக்குப் போன் பண்ணிவிட்டார்.

மறுநாள் காலையில் நான் படியேறும்போதே ஏழுமலையின் குரல் கேட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

“இடுப்பு கழண்டுகினு போவுது டாக்டரம்மா. முதுவு, நெஞ்சு, எல்லா எலும்பும் உள்ளாந்து குத்துது.”

நான் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து ஸ்டெல்லாவும் சிரித்தாள். தலைமை டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, ரொம்ப வலிக்கறதோ என்று ஆசையோடு கேட்டார். ஏழுமலைக்கு வந்ததே கோபம். ஒரு மனுஷன் நோவில் துடிக்கிறான், படிச்சவங்க நின்னு பல்லைக் காட்டறீங்களே என்று திட்டினார். நியாயம்தான். வலி என்றால் நாங்கள் கூப்பிட்டது எலும்புக்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம் என்று உட்கார வைத்து விளக்கினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஓரமாக நின்றிருந்த கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குளிர்ந்த ஊசி பட்டால் நோகும் என்று பயந்த அதே அம்மா, அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் ஆளாக வந்து மகனிடம், இன்னும் நல்லா வலிக்குதாடா என்று விசாரிப்பார். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஏழுமலை சொன்னால் முகம் வாடிவிடும்.

கணக்கு ஏறியது. இயந்திரத்தில் செல்களைப் பிரித்தோம். ஒரு சின்னப் பை, தக்காளி ரசத்தின் நிறம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது செல்வியின் உடம்புக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். செல்கள் ரத்தத்தில் போய், மஜ்ஜைக்கு வழி கண்டுபிடித்து, அங்கே குடியேறி வேலை தொடங்க வேண்டும். அதற்கு உதவியாக, இம்முறை செல்விக்கே அந்த ஊசியைப் போட்டோம். அந்த நாட்களில் அவளுடைய கணக்கு பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை. காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. வாய்த்துடுக்கு நின்றுபோனது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். கொடையாளருக்கு முதல் ஊசி போட்ட மறுநாளே கணக்குப் பாருங்கள், இந்த வழக்கம் நம் பிரிவில் அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தது. மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், எதற்குப் பயப்பட வேண்டும் என்று இரண்டு பக்கமும் சொல்லுங்கள். நல்ல செய்தி போலக் காதில் விழுவது எல்லாம் நல்ல செய்தி இல்லை, கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். இதை எல்லாம் சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம், ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

ஒரு காலை. நான் வழக்கம்போல வந்துகொண்டிருந்தேன். கண்ணாடி அறைக்கு வெளியே, உள்ளே இருப்பவர்களோடு பேசுவதற்கு ஒரு போன் தொங்கும். கன்னியம்மா அதைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கண்ணாடியில் ஊன்றி நின்றிருந்தார். உள்ளே செல்வி ஒருக்களித்துப் படுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவது தெரிந்தது. என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். கன்னியம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் முகம் முழுக்கக் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“வலிக்குதாம் டாக்டரம்மா. எம்பொண்ணுக்கு இடுப்பெலும்பு வலிக்குதாம்.”

போனை வாங்கிக் காதில் வைத்தேன். செல்வி உள்ளேயிருந்து என்னிடம் முறையிட்டாள். உசுரு போவுது, இந்தம்மா இன்னாடான்னா நின்னு சிரிச்சுக்கினு கீது, நீங்களாவது கேளுங்க என்றாள். வாய்த்துடுக்கு திரும்பிவிட்டது. கன்னியம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“வலிக்கட்டும்டி கண்ணு. நல்லா வலிக்கட்டும்.”

அன்றைய கணக்கு மதியம்தான் வந்தது. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. கன்னியம்மாவின் பக்கத்திலேயே நின்று, டாக்டர் என்பதை எல்லாம் மறந்து, நன்றாக அழுதேன்.